பேட்டர்ன் அட்டை எதில் வெட்டலாம்?

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் என்னிடம் தையல் கற்க வரும் பெண்கள் நூல் கோக்கப் பழகுவதற்கு முன்பே கேட்பது இதைத்தான்: "அக்கா, பேட்டர்ன் எதுல வெட்டி வெச்சுக்கிறது?" பேட்டர்ன் என்றால் துணிமேல் வைத்து வரைந்து வெட்டுவதற்கான அளவு மாதிரி. நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். அதன் ஓரத்தில் எது ஓடப்போகிறது, சாக்பீஸா, பென்சிலா, கத்தியா? அதை எத்தனை தடவை எடுத்து வைக்கப் போகிறாய்? இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாதி சாமான் வீட்டிலேயே கிடைக்கும். மீதியை ஆசாரி பட்டறையில் கேட்டு வாங்கலாம்.

ரவிக்கைக்கும், சின்னத் துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைக்கும் ஒரே அட்டை சரிப்படாது. ரவிக்கையில் அரைக்கால் இஞ்ச் கூடக் குறைய இருந்தால் பக்கத் தையலில் பிடித்துவிடலாம். பிற்பாடு பிரித்து விடுவதற்கென்றே உள்ளே தாராளமாக மார்ஜின், அதாவது தையலுக்கு அப்பால் கூடுதல் துணி, விட்டிருப்போம். ஒட்டுத்துணி வேலையில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே எல்லாப் பக்கமும் கால் இஞ்ச்தான் மார்ஜின். ஒவ்வொரு சதுரமும் ஒரு வீசம், அதாவது 1/16 இஞ்ச் பெருத்தால் போதும், 16 சதுரம் சேர்ந்த வரிசை ஒரு முழு இஞ்ச் நீண்டுவிடும். பக்கத்து வரிசை நீளாமல் இருந்தால் இரண்டையும் சேர்க்கும்போது துணி கொசுவிக்கொண்டு நிற்கும். தையல் மெஷினைத் திட்டிப் பயனில்லை. அட்டையின் ஓரம் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அட்டை தேய்வதை லேசில் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு தடவை பென்சில் உரசும்போதும் முனை கொஞ்சம் மழுங்கும், ஓரம் கொஞ்சம் உள்ளே போகும். அப்புறம் தேய்ந்த அட்டையை வைத்து இன்னொரு அட்டை வெட்டுவார்கள், அதை வைத்து இன்னொன்று. இது மட்டும் வேண்டாம். முதல் அட்டை ஒன்றைத் தனியாக வைத்துவிடுங்கள். அதைத் துணிமேல் வைக்கவே கூடாது. புது அட்டை தேவைப்படும்போதெல்லாம் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

செய்தித்தாளில் பேப்பர் கட்டிங் போடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழகுவதற்கு அதைவிட மலிவான பொருள் இல்லை. ஆனால் வெள்ளைத் துணி, இளம் நிறப் பட்டு இவற்றின்மேல் செய்தித்தாளை வைக்காதீர்கள். மை ஒட்டும், வேர்வைக் கை பட்டால் இன்னும் மோசம். ஒரு வாடிக்கையாளரின் அளவைப் பத்திரமாக வைக்க பிரவுன் பேப்பர் போதும். பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போடும் அதே தாள்தான். மடிக்காமல் சுருட்டி வையுங்கள். மடித்த இடத்தில் தாள் கிழியும், விரித்தால் தட்டையாகப் படியாமல் அளவும் கொஞ்சம் திருடும். சுருட்டிய தாள் விரிய மாட்டேன் என்று அடம்பிடித்தால் மந்தமான சூட்டில் இஸ்திரி போட்டுவிடுங்கள்.

ஒரே அளவைத் திரும்பத் திரும்ப வெட்டுகிறவர்களுக்கு, உதாரணமாகப் பள்ளிச் சீருடை தைப்பவர்களுக்கு, அட்டைதான் சரி. புதுச் சட்டையை மடித்து விற்கும் உறைக்குள் வரும் அட்டை, சேலைப் பெட்டி மூடி, ஸ்வீட் பெட்டி எல்லாம் சின்னத் துண்டுகளுக்கு நன்றாக உதவும். காலர், பாக்கெட், பட்டி, கழுத்துக்கு உள்பட்டி போன்றவற்றை இதில் வெட்டலாம். பெரிய துண்டுகளுக்குப் புத்தக பைண்டிங் செய்கிறவரிடம் போய் அட்டை கேளுங்கள். தடித்தது வேண்டாம், கத்தரியில் வெட்டுகிற அளவுக்கு மெல்லியதாகக் கேளுங்கள். தடித்த அட்டையைக் கட்டரால் வெட்டும்போது கை சரிந்தால் ஓரமும் சரிந்துவிடும். அப்படிப்பட்ட அட்டையை மேல்பக்கம் வைத்தால் ஒரு அளவு வரும், திருப்பி வைத்தால் வேறு அளவு வரும்.

மாம்பழ சீசனில் நம் ஊரில் அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமே இல்லை. அதைப் பார்த்ததும் ஆசைப்பட்டு எடுத்து வராதீர்கள். அந்த அட்டையின் நடுவே அலை அலையாக மடித்த தாள் இருக்கிறது. விரலால் அழுத்தினாலே ஓரம் நசுங்கும். பேட்டர்னுக்கு அது உதவாது. மேஜைமேல் விரித்து அதன்மேல் குண்டூசி குத்த, ஆரி எம்பிராய்டரி வேலைக்கு டிரேசிங் தாளில் ஊசியால் ஓட்டை போட, அடியில் வைக்கும் படுக்கையாக மட்டும் பயன்படுத்தலாம்.

அடுத்து, கல்யாணப் பத்திரிகை. வைகாசி, ஆவணி முடிந்தால் எந்த வீட்டிலும் ஒரு கட்டு சேர்ந்திருக்கும். சாமி படம் போட்டிருப்பதால் தூக்கிப் போடவும் மனசு வராது. அறுகோணத் துண்டுகளை அடுக்கிக் கையால் தைக்கும் போர்வைக்கு இதைவிட நல்ல பொருளை நான் பார்த்ததில்லை. அந்த முறையில் ஒவ்வொரு துணித் துண்டுக்குள்ளும் ஒரு தாள் இருக்கும். துணியைத் தாளின்மேல் மடித்து ஓட்டுத்தையல் போட்டு நிறுத்தி, பிறகு ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பொடியாகத் தைப்பார்கள். சுற்றிலும் துண்டுகள் சேர்ந்ததும் உள்ளேயிருக்கும் தாளை உருவிவிடலாம், அதே தாளை இன்னொரு துண்டுக்கு வைக்கலாம். இதற்குத் தாள் ஓரளவு விறைப்பாக இருக்க வேண்டும், ஆனால் ஊசி முனை பட்டால் வழிவிட வேண்டும். ஜெராக்ஸ் தாள் துவண்டுவிடும். அட்டைப்பெட்டி அட்டை வைத்தால் துணி கூர்மையாக மடியாது. பத்திரிகையின் உள்தாள் இரண்டுக்கும் நடுவில் சரியாக நிற்கும். வெளி அட்டை பெரும்பாலும் தடிமனாக இருக்கும், அதை ஒதுக்கிவிடுங்கள். தங்க நிற அச்சு உள்ள பக்கத்தைத் துணியின் நல்ல பக்கம் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டாம், இஸ்திரிச் சூட்டில் அது ஒட்டிக்கொள்ளலாம். சாமி படத்தை முன்பே வெட்டியெடுத்துப் பூஜை அறையில் வைத்துவிடுவேன். அதன் குறுக்கே கத்தரி போக எனக்கும் மனசில்லை.

அறுகோணம் வரைய காம்பஸ் போதும். ஒரு இஞ்ச் ஆரத்தில் வட்டம் போட்டு, அதே ஒரு இஞ்சால் வட்டத்தைச் சுற்றி ஆறு புள்ளி வைத்து நேர்க்கோட்டால் சேருங்கள். பக்கம் ஒரு இஞ்ச், மூலைக்கு மூலை இரண்டு இஞ்ச், எதிர்ப் பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் சுமார் 1.73 இஞ்ச் இருக்க வேண்டும். கடைசி அளவு சரியாக வராவிட்டால் அறுகோணம் நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு தாளின் நடுவிலும் பஞ்சிங் மெஷினால் ஒரு ஓட்டை போட்டுவிடுங்கள். கடைசியில் தாளை உருவ, கொக்கி ஊசியை அதில் மாட்டி இழுத்தால் வந்துவிடும்.

துணியில் இருக்கும் பூவோ மயிலோ துண்டின் நடுவில் வர வேண்டுமானால், அடியில் இருப்பது தெரிகிற பொருள் தேவை. பர்கூரில் துணி எடுக்கப் போகும்போது கட் பீஸும் சேர்த்து அள்ளி வருவேன். அதில் ஒரு சின்னத் துண்டிலேயே ஒரு முழு மாங்காய் டிசைன் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அட்டை வைத்தால் பாதி மாங்காய்தான் வரும். இந்த வேலைக்கு ஆபீஸ் ஃபைலின் ஒளி புகும் பிளாஸ்டிக் மேலட்டை நல்லது. புரொஜெக்டரில் வைக்கும் ஒளி புகும் ஓ.எச்.பி. ஷீட் கிடைத்தாலும் சரி, ஆனால் அது மெலிசு, பென்சில் அழுத்தினால் ஓரம் வளையும். சி.டி. மார்க்கரால் அளவு எழுதுங்கள், சாதா பேனா மை நிற்காது, கையில் அழிந்து துணியில் ஒட்டும்.

வீட்டு அலமாரியில் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் கிடந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். வெளிநாட்டுக் கடைகளில் மைலார் என்று விற்கும் தகடும் இந்த ஃபிலிமின் அடித்தகடும் ஒரே பாலியெஸ்டர் வகைதான். கிழியாது, சாதாரணக் கத்தரியில் வெட்டலாம், ஓரம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். டாக்டர் இனி கேட்க மாட்டார் என்று உறுதியான பிறகு, உங்கள் வீட்டு ஃபிலிமை மட்டும் எடுங்கள். பெயர், வயது எழுதிய மூலையை முதலில் வெட்டிவிடுங்கள். பழைய வகை ஃபிலிமைக் கழுவினால் கறுப்பு போய்த் தெளிவாகும். பிளீச்சிங் திரவத்தில் சிறிது நேரம் ஊற வைத்தால் மேல்பூச்சு தானாக வழுக்கிக்கொண்டு வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கொல்லைப்புறத்தில் காற்றோட்டமாக வைத்துச் செய்யுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட் எதையும் அதோடு கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. இப்போது ஸ்கேன் சென்டர்களில் பிரிண்ட் எடுத்துத் தரும் புது வகை ஃபிலிம் பல இடங்களில் சூட்டால் அச்சாகிறது. அது கழுவிப் போகாது, இஸ்திரிப் பெட்டி அருகே வந்தால் கறுத்தும் போகும். அதைக் கழுவ முயலாமல் அப்படியே சாதா பேட்டர்னாக வெட்டிக்கொள்ளலாம். எனக்கு ஃபிலிமைக் கழுவுவதே வேண்டாத வேலை என்றுதான் தோன்றும். பூவை நடுவில் கொண்டுவர ஃபைல் அட்டை இருக்கும்போது பிளீச்சிங் எதற்கு?

ஃபிளெக்ஸ் பேனரைப் பற்றியும் கேட்பார்கள். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சி மாநாடு என்று எந்தத் தெருவிலும் பழைய பேனர் கிடைக்கும். அகலமாக இருக்கும், கிழியாது, சுருட்டி வைக்கலாம். சுடிதார் டாப், நைட்டி, பாவாடை போன்ற பெரிய பேட்டர்ன்களுக்கு பிரவுன் பேப்பரைவிட அதிக நாள் வரும். ஒரு தலைவரின் நெற்றியில் கைக்குழி வளைவு போனதைப் பார்த்து என் பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளித்தார், அதனால் வெறும் நிற இடமாகப் பார்த்து வெட்டுங்கள். அச்சிட்ட பக்கம் மேலே இருக்கட்டும், வெள்ளைப் பக்கம் துணிமேல் படட்டும். ஆனால் இது விறைப்பில்லாத பொருள். ஓரத்தில் பென்சிலை அழுத்தினால் ஓரம் நழுவும், இழுத்தால் கொஞ்சம் நீளவும் நீளும். எனவே ஒட்டுத்துணித் துண்டு வெட்டும் அச்சுக்கு, அதாவது அளவு மாதிரிக்கு, இது கூடவே கூடாது. வெயிலில் போட்டு வைத்தாலும் இஸ்திரி பட்டாலும் உருமாறிவிடும்.

என் கைக்கு மிகவும் பிடித்தது சன்மைக்கா. அலமாரி, சமையல்கட்டு வேலை நடக்கும் வீடுகளில் ஆசாரிகள் வெட்டிப்போட்ட துண்டுகள் மூலையில் கிடக்கும். எட்டு இஞ்ச், பத்து இஞ்ச் துண்டு அவர்களுக்கு எதற்கும் உதவாது, கேட்டால் கொடுத்துவிடுவார்கள். சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான், ஆனால் ஓரம் பென்சிலுக்கு அசையாது. வருஷக்கணக்கில் தேயாது. மழைக்காலத்தில் அட்டையெல்லாம் ஈரம் குடித்து வளைந்துகொள்ளும்போது இது தட்டையாகவே கிடக்கும். ராமபாணப் பூச்சிக்கும் இதில் வேலை இல்லை. இஸ்திரி சூட்டைக்கூட ஓரிரு நொடி தாங்கும், சாதா பிளாஸ்டிக் தகடு அப்படித் தாங்காது.

வெட்டும் முறை வேறு. கத்தரி போட்டால் விளிம்பு தெறித்துவிடும். வழவழப்பான பக்கத்தில் கோடு போட்டு, இரும்பு ஸ்கேலை இறுக்கிப் பிடித்து, அதே கோட்டில் கட்டரால் பலமுறை கீறுங்கள். ஒரே அழுத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள், கத்தி சறுக்கிக் கையில் ஏறும். கீறல் ஆழமானதும் ஸ்கேலை அப்படியே பிடித்துக்கொண்டு, வெளித்துண்டைக் கீறல் இருக்கும் பக்கமாக மேலே தூக்கினால் சடக்கென்று முறியும். கீறலுக்கு எதிர்ப்பக்கம் அழுத்தினால் கண்ட இடத்தில் உடையும். பிறகு ஓரத்தை அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அந்தத் தூளை மூச்சில் இழுக்காதீர்கள், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். சதுரம், முக்கோணம், சாய்சதுரம் வரை இப்படி நாமே செய்துவிடலாம். வளைவுக்கு ஆசாரியிடம் போவதுதான் உத்தமம். அட்டையில் வெட்டிய மாதிரியைக் கொடுங்கள், வாய்ச்சொல்லில் அளவு சொல்லாதீர்கள். அவருடைய டேப்பும் நம்முடைய டேப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இஞ்ச் டேப் பற்றிச் சொல்ல வந்ததே இதனால்தான். பழைய துணி டேப் நீண்டிருக்கும். அச்சு வரைவதற்கு டேப்பே வேண்டாம், ஒரே ஒரு இரும்பு ஸ்கேல் வைத்துக்கொண்டு எல்லா அச்சையும் அதிலேயே அளந்து வரையுங்கள்.

அச்சுத் தகடு வழுக்குகிறது என்பது அடுத்த புகார். சன்மைக்கா, ஃபிலிம், பிளாஸ்டிக் எல்லாமே பட்டின்மேலும் சாட்டின்மேலும் சறுக்கும். பின்பக்கம் 150 அல்லது 220 நம்பர் உப்புத்தாளில் மெல்லிய பட்டைகள் வெட்டி ரப்பர் சொல்யூஷனால் ஒட்டுங்கள். ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் தகடு தூக்கிக்கொண்டு நின்று பென்சில் அடியில் நுழைந்துவிடும். மைதா பசை போட்டால் பூச்சி வரும். பட்டில் உப்புத்தாள் இழையை இழுத்துவிடுமோ என்று பயமாக இருந்தால் அதற்குப் பதிலாகத் தகட்டின்மேல் எடைக்கல் வையுங்கள். பழைய மளிகைக் கடை 200 கிராம் கல் இரண்டு இருந்தால் போதும்.

சக்கரம் மாதிரி உருண்டு வெட்டும் உருளைக் கத்தி வாங்கியவர்கள் மேலே சொன்ன எதையும் அதன் ஓரத்தில் வைக்கக் கூடாது. இந்தக் கத்தியை ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-இல் கொண்டுவந்தது. அதற்கு முன்பு போர்வை தைப்பவர்கள் அச்சைச் சுற்றிக் கோடு போட்டுக் கத்தரியால்தான் வெட்டினார்கள், அதனால் அட்டையும் தகரமும் போதுமாக இருந்தன. உருளைக் கத்தி அச்சின் ஓரத்தை ஒட்டியே ஓடுகிறது. அட்டையாக இருந்தால் அட்டையையே சீவும், மெல்லிய தகடாக இருந்தால் அதன்மேல் ஏறி நம் விரலுக்கு வரும், இரும்பாக இருந்தால் பிளேடு மழுங்கும். அதற்கு அக்ரிலிக்தான் வேண்டும், 3 மில்லிமீட்டர் தடிமனில். ஷீல்டு, நேம் போர்டு செய்யும் கடைகளில் லேசர் கட்டிங் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஓசூர் பக்கம் போனால் இன்னும் எளிது. கோரல் டிரா என்ற கம்ப்யூட்டர் புரோகிராமில் வரைந்த ஃபைல் கொடுத்தால் அப்படியே வெட்டித் தருவார்கள். தாளில் வரைந்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி வெட்டச் சொல்லாதீர்கள், பக்க அளவுகளை எண்ணாக எழுதிக் கொடுங்கள். கால் இஞ்ச் மார்ஜினையும் சேர்த்து வெட்டச் சொல்லி, தையல் கோடு வரும் மூலைகளில் பென்சில் முனை நுழையும் பொடி ஓட்டை போடச் சொன்னால் பிற்பாடு சேர்க்கும்போது மூலைகள் தானாகப் பொருந்தும். கைதவறிச் சிமெண்ட் தரையில் விழுந்தால் அக்ரிலிக் மூலை போய்விடும், அது ஒன்றுதான் குறை.

இணையத்திலிருந்து பேட்டர்ன் எடுத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாளுக்கு ஏற்ற மாதிரி சுருக்கும் வசதி அந்தக் கம்ப்யூட்டரில் தானாகவே ஆன் ஆகியிருக்கும். நூறு சதவீத அளவில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, தாளில் அச்சாகியிருக்கும் ஒரு இஞ்ச் சோதனைச் சதுரத்தைக் கடையிலேயே ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். சதுரம் போடாத பேட்டர்னாக இருந்தால், அதில் எழுதியிருக்கும் ஏதாவது ஒரு நீளத்தை அளக்கலாம். அதே கடையில் ஏ4 கட்டைச் சுற்றி வரும் உறைத்தாளையும் கேட்டு வாங்கி வாருங்கள். சில கம்பெனி உறைகளின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். அந்தப் பக்கத்தைத் துணியில் வைத்து மிதமான சூட்டில் தேய்த்தால் லேசாக ஒட்டிக்கொள்ளும், வெட்டி முடித்ததும் உரித்துவிடலாம். இலை, பூ வெட்டி ஒட்டும் வேலைக்கு அமெரிக்கர்கள் ஃப்ரீஸர் பேப்பர் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள், இது அதே காரியத்தைச் செய்யும். எல்லா உறையும் ஒட்டாது, முதலில் ஒரு கந்தல் துணியில் பாருங்கள்.

லேமினேஷனை நான் சிபாரிசு செய்வதில்லை. பளபளப்பாக இருக்கும், ஆனால் கோட்டோடு வெட்டினால் ஓரம் கொஞ்ச நாளில் இரண்டாகப் பிரியும். கோட்டைத் தாண்டி விட்டால் அளவு போய்விடும்.

எதில் வெட்டினாலும் அதன்மேல் எழுத வேண்டியதை எழுதிவிடுங்கள்: என்ன துண்டு, என்ன அளவு, மார்ஜின் சேர்ந்ததா சேராததா, எத்தனை துண்டு வெட்ட வேண்டும், துணியின் நேர் இழை எந்தப் பக்கம் ஓட வேண்டும். அந்த நேர் இழைக்கு ஒரு அம்புக்குறி கட்டாயம் வேண்டும், முக்கோணத்துக்கும் கைக்கும் அது இல்லாமல் வெட்டினால் துணி இழுபட்டு உருக்குலையும். முன்பக்கம், பின்பக்கம் என்று குழப்பம் வரும் ரவிக்கைக் கைக்கு முன்வளைவில் ஒரு சின்ன வெட்டு, பின்வளைவில் இரண்டு வெட்டு கொடுத்து வைக்கலாம். பிறகு மேல் மூலையில் ஒரு ஓட்டை போட்டு, ஒரு ஆளுக்குரிய துண்டுகளை ஒரே நாடாவில் கோத்து ஆணியில் தொங்கவிடுங்கள். கார்மெண்ட்ஸ் கம்பெனிகளில் பெரிய கொக்கியில் மாட்டி வரிசையாகத் தொங்கவிடுவார்கள், அதே முறைதான். கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்தால் வளையும், எலியும் பார்த்துவிடும்.

யாராவது இரவல் கேட்டால் அட்டையைக் கொடுக்காதீர்கள். பிரவுன் பேப்பரில் பிரதி எடுத்துக் கொடுங்கள், ஸ்கேல் வைத்து அளந்து சரிபார்த்த பிறகு.